சொற்கள் நின்றன, மொழி மறைந்தது

நம் இல்லங்களில் ஆங்கிலப் பாடம் படிக்கும் பிள்ளைகள் ‘தே’ என்றால் ‘அவர்கள்’ என்று உரக்கப் படிப்பதை நாம் கேட்கின்றோம். அச்சிறு சொல் ஆங்கிலத்தின் பழஞ்சொல் அன்று. கடல் கடந்து இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காண்டிநேவிய மக்கள் கொண்டுவந்த சொல் அது.

கி.பி. 793இல் அவர்கள் கொள்ளையராக வந்து லிண்டிஸ்பார்ன் தீவின் மடத்தைச் சூறையாடினர். 865இல் டேனியரின் பெரும்படை வந்திறங்கியது. சில ஆண்டுகளில் அப்படையினரிற் பலர் நிலத்தைப் பங்கிட்டு உழவராயினர். 878இல் ஆல்பிரட் மன்னர் அவர்களை வென்ற பின்னரும், இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் அவர்கள் நிலைத்து வாழ்ந்தனர். டெர்பி, விட்பி, கிரிம்ஸ்பி முதலிய ஊர்ப்பெயர்களின் ஈற்றிலுள்ள ‘பி’, அவர்கள் மொழியில் குடியிருப்பைக் குறிப்பதாகும்.

அவர்களுடைய நார்ஸ் மொழியும் பழைய ஆங்கிலமும் ஓரினத்தைச் சேர்ந்தவை. ஆதலால் சந்தையிலும் வயலிலும் இரு சாராரும் ஒருவாறு பேசிக்கொள்ள முடிந்தது. திருமண உறவும் ஏற்பட்டது. இவ்வாறு புகுந்த சொற்கள் அரண்மனைச் சொற்கள் அல்ல. அடுக்களைக்கும் முற்றத்திற்கும் உரியவை. முட்டையைக் குறிக்கும் ‘எக்’, கத்தியாகிய ‘நைப்’, வானமாகிய ‘ஸ்கை’, வீட்டுத் தலைவன் என்று பொருள்பட்ட ‘ஹஸ்பண்ட்’ ஆகியவை அத்தகையன. ‘விண்டோ’ என்பதன் மூலப்பொருள் ‘காற்றின் கண்’. சன்னலைக் ‘காலதர்’, அதாவது காற்று வரும் வழி, என்ற நம் முன்னோர்க்கும் ஏறத்தாழ அதே எண்ணம் தோன்றியது வியப்பன்றோ!

பழைய ஆங்கிலத்தில் ‘அவன்’, ‘அவர்கள்’ என்பவற்றின் வடிவங்கள் ஒலியில் நெருங்கியிருந்தன. அக்குழப்பம் நீங்க, ‘தே’ என்னும் சொல் உதவிற்று. எனினும் அதன் இனச்சொற்கள் ஒருங்கே பரவவில்லை. 1400இல் மறைந்த கவிஞர் சாசர் ‘தே’ என்று எழுதினாலும், ‘அவர்களை’, ‘அவர்களுடைய’ என்பவற்றிற்குப் பழைய வடிவங்களையே கையாண்டார். 1490இல் காக்ஸ்டன் எழுதிய முன்னுரை ஒன்றில் ஒரு வேடிக்கை உண்டு. வணிகர் ஒருவர் தென்பகுதி இல்லத்தரசி ஒருத்தியிடம் ‘எக்’ கேட்டார். அவளோ தனக்குப் பிரெஞ்சு தெரியாது என்றாள்! வேறொருவர் ‘ஐரென்’ என்னும் பழஞ்சொல்லைக் கூறிய பின்னரே அவளுக்கு விளங்கிற்று.

இனி, இச்சொற்களைத் தந்தவர் மொழியின் கதி என்ன? இங்கிலாந்தில் சில தலைமுறைகளில் அது பேச்சு வழக்கொழிந்தது. ஆர்க்னி, ஷெட்லாந்து தீவுகளில் ‘நார்ன்’ என்னும் பெயருடன் நெடுங்காலம் வாழ்ந்தது. 1468, 1469ஆம் ஆண்டுகளில் அத்தீவுகள் ஸ்காட்லாந்து அரசர்க்கு ஈடாக வைக்கப்பட்டன. அதன்பின் வழக்காடவும் வணிகம் செய்யவும் ஸ்காட் மொழியே பயன்பட்டது. பெற்றோர் பிள்ளைகளிடம் நார்ன் பேசுவதும் குறைந்தது. 18ஆம் நூற்றாண்டில் அது வழக்கிறந்தது. அதே நார்ஸ் மொழியைக் கொண்டு ஐஸ்லாந்தில் குடியேறியவர்களோ, வீட்டில் பேசியும் நூல்களில் எழுதியும் வந்தமையால், இன்றும் அதன் வழிவந்த மொழியையே பேசுகின்றனர்.

‘அவர்கள்’ என்னும் அடிப்படைச் சொல்லையே கடன் வாங்கிய ஆங்கிலம் அழியவில்லை. வாரி வழங்கிய நார்ஸ் அந்நாட்டில் நிலைக்கவில்லை. கடன் சொற்களால் மட்டும் ஒரு மொழி மாய்வதில்லை. பிள்ளையிடம் பெரியோர் பேசுவதை நிறுத்தும்பொழுது அது மாய்கிறது.

வெளிமாநிலத்தில் வாழும் நம் பிள்ளைகளின் தமிழில் ஓர் இந்திச் சொல்லோ மராத்திச் சொல்லோ கலந்தால் அதற்காகக் கடிந்து, அவர்கள் வாயை அடைத்துவிட வேண்டா. பிள்ளை பிறமொழியில் மறுமொழி கூற, நாமும் அம்மொழியிலேயே பேச்சைத் தொடரும் வழக்கத்திற்கே அஞ்சவேண்டும். அத்தருணத்தில் தமிழில் தொடர்வது நம் கையில்தான் இருக்கிறது.