உலூபியைக் கேட்டாங்களா?

ஆரணியைச் சுற்றியுள்ள ஊர்களில் அக்னி வசந்த விழா வந்துட்டா, ராத்திரி முழுக்க பாரதக் கூத்துதான். கர்ண மோட்சத்துக்கு எல்லாரும் அழுவாங்க. எனக்கு உறுத்துறது 'அரவான் களபலி'.

வியாச பாரதத்தில் அரவான் சின்னப் பாத்திரம். அர்ஜுனனுக்கும் நாககன்னி உலூபிக்கும் பிறந்தவன். 8-ஆம் நாள் போரில் அலம்புசன் என்ற அரக்கன் கையில் சாகிறான், அவ்வளவுதான். ஹோமரின் இலியட்டிலும் பல வீரர்கள் அப்பா பேர், ஊர் பேர் சொல்லி முடிக்கிறதுக்குள்ள விழுந்துடுவாங்க. நம்ம ஆளுங்க அப்படி விடல. 9-ஆம் நூற்றாண்டுப் பெருந்தேவனார் பாரதத்திலேயே அவன் களபலி ஆகிறான். கூவாகத்தில் திருநங்கைகள் அவனுக்காகத் தாலி கட்டி, மறுநாள் அறுக்கிறாங்க.

ஆனா 'தியாகி'ன்னு அவனைப் புகழறதுல எனக்கு உடன்பாடில்லை. கூத்துக் கதைப்படி 32 லட்சணமும் உள்ளவங்க கிருஷ்ணன், அர்ஜுனன், அரவான். முதல் ரெண்டு பேரும் போருக்கு வேணுமாம்! மிச்சம் யாரு? அம்மா வீட்டில் வளர்ந்து, அப்பாவுக்காகச் சண்டை போட வந்த பையன். அவன் சரின்னு சொன்னதைக் கொண்டாடுறோம். முடியாதுன்னு சொல்ல அவனுக்கு வழி இருந்துச்சா?

அடுத்த கல்ச்சுரல்ஸ்ல கூத்து போடறவங்க கர்ணனை விட்டுட்டு இதை எடுங்க. அந்தக் கேள்வியை உலூபி வாயால கேக்க வைங்க.