மதமா, நிறமா?



என்னிடம் படித்தவர்களில் பலருடைய பிள்ளைகள் இப்போது அமெரிக்காவில் கல்லூரியில் படிக்கிறார்கள். கூடப் படிக்கும் கறுப்பினப் பையனையோ வெள்ளைக்காரப் பெண்ணையோ பிடித்திருக்கிறது என்று பிள்ளை சொன்னதும், "டீச்சர், நம்ம மதத்துக்கு ஒத்து வருமா?" என்று எனக்குப் போன் வருகிறது. எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

அமெரிக்காவில் தென் கரோலினா மாநிலத்தில் பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம் என்று ஒரு கிறிஸ்தவக் கல்வி நிறுவனம் இருக்கிறது. 1971 வரை அங்கே கறுப்பின மாணவர்களுக்கு இடமில்லை. பிறகு திருமணமானவர்களை மட்டும் சேர்த்தார்கள். 1975-ல் மற்றவர்களையும் சேர்த்தார்கள். ஆனால் வேறு இனத்தவரோடு காதல் என்றால் வெளியேற்றம். கேட்டால், பைபிளைக் காட்டினார்கள். வருமான வரித் துறை அவர்களுடைய வரிவிலக்கை ரத்து செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1983-ல் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் பல்கலைக்கழகம் தோற்றது. அப்போதும் விதியை விடவில்லை. 2000 மார்ச்சில்தான் கைவிட்டார்கள். 2008-ல், வேதத்தைவிட அன்றைய சமூகத்தின் பழக்கமே தங்கள் இனக் கொள்கைகளை உருவாக்கியது என்று ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். அங்கே படித்த பையனும் பெண்ணும் ஒரே மதம். ஒரே வேதம், ஒரே ஜெபம். பிறகு மதம் எங்கே குறுக்கே வந்தது? தடுத்தது தோலின் நிறம். மதத்தின் பெயரை அதற்குச் சாக்காக வைத்தார்கள்.

வெள்ளைக்காரர்கள் கதைதானே என்று விட்டுவிடாதீர்கள். 1950-களில் அந்த விதி எப்படி வந்தது என்பதற்குப் பல்கலைக்கழகமே பின்னாளில் ஒரு விளக்கம் சொன்னது. தங்கள் மகன் வெள்ளைக்காரப் பெண்ணைக் கல்யாணம் செய்யப் பார்த்தான் என்று ஓர் ஆசியக் குடும்பம் வழக்குப் போடுவதாக மிரட்டியதாம். நம்மைப் போன்ற அப்பா அம்மாதான் அவர்களும்.

அதனால் என்னிடம் கேட்பவர்களை நான் திருப்பிக் கேட்பது இதுதான். அந்தப் பையன் நம் மதத்துக்காரனாகவே இருந்து, நிறம் மட்டும் வேறாக இருந்தால் சம்மதமா? வெள்ளைக்கார மருமகள் என்றால் பெருமையாகவும், கறுப்பின மருமகன் என்றால் மதம் ஞாபகம் வருவதாகவும் இருந்தால், சிக்கல் சாமியிடம் இல்லை.

மத வித்தியாசம் சின்ன விஷயம் என்று நான் சொல்ல வரவில்லை. கல்யாணம் எந்த முறைப்படி, பிறக்கும் குழந்தைக்கு என்ன பெயர், எந்தச் சாமியைக் கும்பிடச் சொல்லிக்கொடுப்பது, வீட்டில் என்ன சமைப்பது, பெரியவர்கள் காரியத்தை யார் செய்வது, எல்லாம் உண்மையான கேள்விகள். அவற்றை அந்த இருவரும் உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும். பெற்றவர்கள் கேட்டால் தப்பும் இல்லை. ஆனால் கேட்பதை நேராகக் கேளுங்கள். "ஊர் என்ன சொல்லும்" என்ற பயத்துக்குச் சாமி பெயரைச் சொல்லாதீர்கள். இருபது வயதுப் பிள்ளைகளுக்கு அது நன்றாகவே புரிகிறது. அதற்குப் பிறகு அவர்கள் நம் சொல்லை மட்டுமல்ல, கோயிலையும் நம்ப மாட்டார்கள்.

இந்த வாரம் பிள்ளைக்குப் போன் போட்டால், அந்தப் பையன் எப்படிப்பட்டவன், அந்தப் பெண்ணின் குணம் என்ன என்று முதலில் கேளுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்