கவிழ்ந்த டிராக்டரில் செல்ஃப் அடிக்காதீர்கள்

டிராக்டர் வாய்க்காலில் கவிழ்ந்தால் முதலில் ஓட்டியவரைப் பார்க்க வேண்டும். அதைச் சொல்ல ஒரு மெக்கானிக் தேவையில்லை. ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாயிற்று, ஜேசிபி வந்து வண்டியை நிமிர்த்தியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஐந்து நிமிடத்தில் நடப்பதுதான் என் கவலை. கரையில் நிற்கிற யாராவது ஒருவர் ஏறி உட்கார்ந்து, "ஓடுதான்னு பாத்துருவோம்" என்று சாவியைத் திருப்புவார். மன்னார்குடிப் பக்கம் டீசல் பட்டறை வைத்திருக்கிறேன். விழுந்ததால் கெட்ட இன்ஜினைவிட இப்படிச் செல்ஃப் அடித்துக் கெட்ட இன்ஜின்தான் என்னிடம் அதிகம் வருகிறது.

வண்டி தலைகீழாகக் கிடக்கும்போது சம்ப்பில் இருக்க வேண்டிய ஆயில் முழுவதும் பிஸ்டனுக்கு அடிப்பக்கம் வந்து தேங்கும். ரிங் இடைவெளி வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து சிலிண்டருக்குள் சேரும். ராத்திரி முழுக்கக் கிடந்த வண்டியில் இது நிச்சயம். ஆயில் கிண்ணம் வைத்த ஏர் கிளீனராக இருந்தால் இன்னும் மோசம்; அந்த ஆயில் நேராக இன்டேக் குழாய்க்குள் பாய்ந்து, எந்த சிலிண்டரில் வால்வு திறந்திருக்கிறதோ அதில் இறங்கிவிடும்.

எவ்வளவு ஆயில் இருந்தால் ஆபத்து என்று கேட்பார்கள். 2,500 சி.சி. இன்ஜின், மூன்று சிலிண்டர், அழுத்த விகிதம் 17-க்கு 1 என்று கணக்குப் போடுங்கள். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சுகிற இடம் சுமார் 50 மில்லிதான். டீக்கடை கிளாஸில் பாதி. காற்றை அமுக்கலாம், ஆயிலை அமுக்க முடியாது. அதற்கு மேல் ஆயில் நின்றால் பிஸ்டனுக்கு மேலேற வழியில்லை. செல்ஃப் மோட்டார் விடாமல் தள்ளும்போது வளைவது கனெக்டிங் ராடு.

செய்ய வேண்டியது பெரிய வித்தையில்லை. பேட்டரி வயரைக் கழற்றுங்கள்; சிந்திய டீசல் பக்கத்திலேயே கிடக்கும். மூன்று நாசிலையும் கழற்றி எடுங்கள். கிராங்க் புல்லி நட்டில் ஸ்பானர் போட்டுக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். நாலு ஸ்ட்ரோக்கும் முடிய இரண்டு சுற்று வேண்டும். எங்காவது முட்டினால் அங்கேயே நிறுத்திவிட்டு ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான். முட்டாமல் சுற்றினால் பேட்டரியை மாட்டி, நாசில் இல்லாமலே ஒரு தடவை செல்ஃப் அடியுங்கள். உள்ளே இருக்கிற ஆயில் ஓட்டை வழியாகப் பீய்ச்சியடிக்கும், முகத்தை அங்கே வைக்காதீர்கள். பிறகு ஏர் கிளீனரையும் இன்டேக் குழாயையும் துடைத்து, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, டீசல் லைனில் ஏர் எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யலாம். அரை நாள் வேலை.

கவிழ்ந்த பிறகும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்ததா என்பதையும் பார்த்தவர்களிடம் கேட்டு வையுங்கள். பழைய வண்டிகளில் சாவியை அணைத்தாலும் இன்ஜின் நிற்காது, ஸ்டாப் நாபை இழுக்க வேண்டும். அந்தப் பதற்றத்தில் அதை இழுப்பவர் யார்? தலைகீழாக ஓடினால் ஆயில் பம்ப் காற்றைத்தான் உறிஞ்சும். கிராங்க் பேரிங் வறண்டு தேய்ந்துவிடும். பழைய ஃபில்டரை அறுத்துப் பாருங்கள். உள்ளே வெள்ளித்தூள் போல மின்னினால் சம்ப்பை இறக்காமல் வண்டியை வயலுக்கு அனுப்பக் கூடாது.

லேசாக வளைந்த ராடுதான் ஆளை ஏமாற்றும். வண்டி ஸ்டார்ட் ஆகும், உழும். காலையில் வெள்ளைப் புகை, ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் கம்மி, அவ்வளவுதான். ஹெட்டைக் கழற்றி அளந்தால் அந்த ஒரு பிஸ்டன் மட்டும் மற்றதைவிடத் தாழ்ந்து நிற்கும். அதைக் கண்டுகொள்ளாமல் கேஜ்வீல் போட்டு சேறடித்தால், ஒருநாள் ராடு முறிந்து பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். வளைந்த ராடை நிமிர்த்தித் தருகிற லேத் பட்டறைகள் உண்டு. என்னைக் கேட்டால் அது கூடாது.

வாடகை ஓட்டம் மணிக்கணக்கு, தவணை மாதக்கணக்கு. உரிமையாளர் அவசரப்படுவதில் தப்பில்லை. ஆனால் அந்த அவசரத்துக்கு இன்ஷூரன்ஸில் இடமில்லை. பின்விளைவு இழப்புக்கும் இயந்திரக் கோளாறுக்கும் பணமில்லை என்றுதான் மோட்டார் பாலிசிகளில் பொதுவாக எழுதியிருக்கும். 2015 வெள்ளத்தில் மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்து இன்ஜினைப் பறிகொடுத்த சென்னைக்காரர்களைக் கேளுங்கள். கவிழ்ந்ததற்குக் கிடைக்கிற பணம் செல்ஃப் அடித்ததற்குக் கிடைக்காது.

ஷோரூமில் புது வண்டி தரும்போது மாலை போடுகிறார்கள், தேங்காய் உடைக்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள். சர்வீஸ் எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை என்பதையும் சொல்கிறார்கள். கவிழ்ந்தால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் வாயைத் திறப்பதில்லை. நல்ல காரியத்தில் அபசகுனம் என்ற நினைப்போ என்னவோ. புது டிராக்டருக்குக் கவிழ்வுப் பாதுகாப்பு இரும்புச் சட்டம் கட்டாயம் என்று ஸ்வீடன் 1959-லேயே சொல்லிவிட்டது. நம் ஊரில் வெயிலுக்குப் போட்ட தகரக் கூரையையே அதுவென்று நம்பி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆளைக் காக்கும் அந்த இரும்புச் சட்டமும் சீட் பெல்ட்டும் சேர்ந்தே வர வேண்டும் என்பது என் முதல் கோரிக்கை. அதற்குக் கம்பெனிகளுக்குச் செலவாகும், ஒத்துக்கொள்கிறேன். டேஷ்போர்டில் "கவிழ்ந்தால் நாசிலைக் கழற்றாமல் ஸ்டார்ட் செய்யாதீர்" என்று தமிழில் ஒரு ஸ்டிக்கர் ஒட்ட என்ன செலவாகிவிடும்?