இரண்டாம் முறை கேளுங்கள்



சென்ற திங்கள் இப்பகுதியில் பாங்காக் நகரத்துச் சந்தைகளைப் பற்றி எழுதியிருந்தோம். நம் ஊரில் மாடத்தில் வளரும் துளசியை இங்கே இறைச்சியோடு சேர்த்து வதக்கி உண்கிறார்கள் என்பதையும் குறிப்பிட்டிருந்தோம். அதைப் படித்த சகோதரி ஒருவர், "உணவைப் பற்றிச் சொல்லிவிட்டீர்கள். மொழி தெரியாத ஊரில் அக்கம்பக்கத்தாரோடு எவ்வாறு பழகுகிறீர்கள்? ஒருவர் மனத்தை ஒருவர் எப்படி அறிந்துகொள்கிறீர்கள்?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். எளிய கேள்விதான். ஆயினும் அதற்கு விடை சொல்ல வேண்டுமானால், எங்கள் குறை ஒன்றையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும்.

தாய்லாந்து மொழியை நாங்கள் கற்கத் தொடங்கியபோது முதலில் சிரிப்புத்தான் வந்தது. எங்கள் மகன் தந்தையை 'பா!' என்று அழைப்பான். குரல் கேட்டதும் அடுத்த வீட்டுக் கதவு திறக்கும். ஏனெனில் இம்மொழியில் 'பா' என்பது பெற்றோருக்கு மூத்த சகோதரியைக் குறிக்கும் சொல். நம் வழக்கில் பெரியம்மா என்றோ, மூத்த அத்தை என்றோ சொல்லலாம். தாயை 'மா!' என்று அழைத்தாலோ, 'மா' என்பதற்கு இங்கே 'வா' என்று பொருள். அதையே குரலைச் சற்று உயர்த்திச் சொன்னால் குதிரை. தாழ்த்தி உயர்த்திச் சொன்னால் நாய். 'போ' என்பது தந்தை! பங்குக் குருவையும் 'குன் போ', அதாவது மதிப்புக்குரிய தந்தை என்றே மக்கள் அழைக்கிறார்கள். முதல் ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, மக்கள் அனைவரும் குருவைப் பார்த்து 'போ, போ' என்று சொல்லக் கேட்டு எங்கள் மகன் திகைத்து நின்றான்.

சிரிப்பு அடங்கிய பிறகு ஒன்று விளங்கியது. உறவுமுறை சொல்லி அழைப்பதில் இம்மக்கள் நம்மவர்களுக்குச் சற்றும் இளைத்தவர்கள் அல்லர். கடைக்காரரையும் வண்டியோட்டுபவரையும் வயதறிந்து அண்ணன், தம்பி, பெரியப்பா என்னும் முறையிலேயே அழைக்கிறார்கள். தாயின் தாய்க்கு ஒரு சொல், தந்தையின் தாய்க்கு வேறொரு சொல் உண்டு. நாம் பார்த்தவுடன் 'சாப்பிட்டாயிற்றா?' என்று கேட்பது போலவே, இவர்களும் 'கின் காவ் ரு யாங்?', சோறு உண்டாயிற்றா என்று நலம் விசாரிக்கிறார்கள். கை கூப்பி வணங்குகிறார்கள். வீட்டு வாசலில் காலணியைக் கழற்றுகிறார்கள். இவற்றையெல்லாம் கண்டு, 'இது நம் ஊர் போலத்தான்' என்று நாங்கள் எண்ணிவிட்டோம். அங்கேதான் தவறு செய்தோம்.

மகன் குரலுக்குக் கதவு திறந்தவரை நாங்களும் 'பா' என்றே அழைக்கலானோம். கணவரை இழந்தவர், தையற்பொறி ஒன்றை வைத்துக்கொண்டு பிழைப்பவர், ஊர் நாட்டின் வடகிழக்கே, ஈசான் பகுதியில். எங்கள் மகன் பள்ளியிலிருந்து திரும்பும்போது நாங்கள் வீட்டில் இல்லாவிட்டால், அவர் வீட்டில்தான் இருப்பான். கூலி கொடுத்தால் வாங்கமாட்டார். பழம் கொடுத்தால் மட்டும் ஏற்றுக்கொள்வார்.

ஒரு முறை எங்கள் அம்மா ஊரிலிருந்து வந்து ஆறு வாரம் எங்களோடு தங்கியிருந்தார். எங்களில் ஒருவரைப் பெற்றவர், மற்றவருக்கு மாமியார், எங்கள் இருவருக்குமே அம்மா. வந்த மறுநாள் பாவின் பேரன் எதிரே வந்தான். நம் வீடுகளில் பெரியவர்கள் செய்வதுபோல் அம்மா அவன் தலையில் கை வைத்து, நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர்வதித்தார். சிறுவன் சட்டென்று தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். இந்நாட்டில் உடலிலேயே தலைதான் மேன்மையானது. அன்னியர் அதைத் தொடலாகாது. கால் தாழ்ந்தது, அதை எவர் பக்கமும் நீட்டலாகாது. இது எங்களுக்குத் தெரிந்திருந்தும் அம்மாவிடம் சொல்ல மறந்திருந்தோம். நாங்கள் பதறி மன்னிப்புக் கேட்டோம். பா சிரித்த முகத்தோடு, 'மை பென் ரை' என்றார். 'ஒன்றுமில்லை, பரவாயில்லை' என்பது அதன் பொருள். அதன்பின் அம்மாவும் பாவும் இணைபிரியாத் தோழியர் ஆனார்கள். இருவருக்கும் பொதுவான மொழி ஒன்றுமில்லை. கீரை ஆய்வதற்கும் துணி மடிப்பதற்கும் அது தேவைப்படவுமில்லை.

'மை பென் ரை' என்னும் இச்சொல்லை இங்கே ஒரு நாளில் பலமுறை கேட்கலாம். காலை மிதித்துவிட்டால் மை பென் ரை. பேருந்து தவறினால் மை பென் ரை. கோபத்தை அடக்கி மனத்தைக் குளிர வைத்துக்கொள்வதை இவர்கள் பெரிய பண்பாகப் போற்றுகிறார்கள். குளிர்ந்த மனம் என்பதற்கே 'ஜை யென்' என்று சொல் வைத்திருக்கிறார்கள். தெருவில் உரத்த குரல் கேட்டால், அது பெரும்பாலும் எங்களைப் போன்ற அயலாரின் குரலாகத்தான் இருக்கும். இது எங்களுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. எதைக் கேட்டாலும் முகம் சுளிக்காத அயலார் வாய்ப்பது பெரும் பேறல்லவா?

இன்னொரு சொல்லும் உண்டு. அதைக் கற்க எங்களுக்கு நெடுநாள் ஆயிற்று. 'கிரெங் ஜை' என்பது அது. 'ஜை' என்றால் மனம். பிறருக்குத் தன்னால் தொல்லை வந்துவிடுமோ, பிறர் மனம் நோகுமோ என்று அஞ்சித் தன் விருப்பத்தையும் வருத்தத்தையும் உள்ளேயே அடக்கிக்கொள்ளுதல் என்று விரித்துத்தான் பொருள் சொல்லவேண்டும். இதுவும் நற்பண்பாகவே கருதப்படுகிறது. ஒருவர் இப்பண்பினால் 'ஆம்' என்கிறாரா, உள்ளபடியே 'ஆம்' என்கிறாரா என்பதை அறிந்துகொள்வது கேட்பவர் கடமை. அந்தக் கடமையை நாங்கள் அறியாதிருந்தோம்.

அக்டோபர் திங்களில் இங்கே பள்ளிகளுக்கு விடுமுறை வரும். ஓர் ஆண்டு அவ்விடுமுறையின்போது எங்களில் ஒருவருக்கு வெளியூர்ப் பணி. மற்றவருக்கு அலுவலகத்தில் விடுப்பு இல்லை. இரண்டு வாரம் பகல் வேளையில் மகனைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று பாவிடம் கேட்டோம். 'முடியும்' என்று புன்னகை செய்தார். மகிழ்ந்து போனோம். இரண்டாம் நாளே அவர் ஊரிலிருந்து செய்தி வந்திருக்கிறது: வயது முதிர்ந்த தாயார் படுத்த படுக்கையாகிவிட்டார் என்று. பா எங்களிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. வாக்குக் கொடுத்த பிறகு நம் ஏற்பாட்டைக் குலைக்கலாகாது என்று எண்ணியிருக்கிறார். ஒருநாள் மாலை கண்கள் சிவந்திருந்தன. 'உடல்நலம் இல்லையா?' என்று கேட்டோம். 'மை பென் ரை' என்றார். அதை அப்படியே ஏற்றுக்கொண்டு மகனை அழைத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

இரண்டு வாரம் முடிந்த அன்றிரவே பா பேருந்து ஏறினார். அவர் போய்ச் சேர்ந்தபோது தாயாருக்குப் பேச்சு நின்றுபோயிருந்தது. மகளை அடையாளம் தெரியவில்லை. நான்காம் நாள் காலமானார். இத்தனையும் கீழ்த்தளத்துக் கடைக்காரப் பெண்மணி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியவந்தது.

இரவெல்லாம் பயணம் செய்து அடக்கச் சடங்கிற்குச் சென்றோம். கருப்பு உடை அணிந்து மக்கள் கூடியிருந்தார்கள். துறவிகள் மந்திரம் ஓதினார்கள். நம் ஊர்ச் சாவு வீட்டின் ஒப்பாரி அங்கே இல்லை. சந்தன மலர் எனப்படும், மெல்லிய மரச்சீவலால் செய்த பூ ஒன்றை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார்கள். வரிசையாகச் சென்று அதைச் சிதையருகே வைத்து வணங்கினோம். பின்பு பாவின் எதிரே நின்று, எங்களுக்குத் தெரிந்த சில சொற்களைக் கொண்டு மன்னிப்புக் கேட்டோம். அவர் எங்கள் கைகளைப் பற்றிக்கொண்டு சொன்ன சொல்லும் அதுதான். 'மை பென் ரை.' பிறகு, 'சோறு உண்டாயிற்றா?' என்று கேட்டார்.

பாங்காக் திரும்பிய பிறகு வந்த ஞாயிறு இரவு வழக்கம்போல் ஊருக்குக் காணொளியில் பேசினோம். இங்கே மணி 9 என்றால் நம் ஊரில் 7.30, அம்மா செபமாலை முடித்துக் காத்திருக்கும் நேரம். பேசி முடிக்கும்போது அவர் வலக்கையை உயர்த்தி, திரையில் தெரியும் பேரனின் நெற்றியை நோக்கிச் சிலுவை வரைவது வழக்கம். அன்று, "ஆண்டவர் காப்பாற்றுவார்" என்று வாயால் மட்டும் சொன்னார். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. சென்ற வாரமும் அவர் கையை உயர்த்தவில்லை. அதற்கு முந்திய வாரமும் இல்லை.

"அம்மா, கைக்கு என்ன?"

"ஒன்றுமில்லை, கண்ணுகளா."

அதே சொல். மொழிதான் வேறு. பழைய நாளாயிருந்தால் அத்தோடு விட்டிருப்போம். அன்று விடவில்லை. "அம்மா, ஒன்றுமில்லை என்றால் கையைக் காட்டுங்கள்" என்றோம். சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு மெல்லக் கையைத் தூக்கினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டு. கிணற்றடியில் வழுக்கி விழுந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. "தூரத்தில் இருக்கிறீர்கள், கேட்டால் வேலையை விட்டுவிட்டு ஓடி வருவீர்கள். எதற்கு வீண் செலவும் கவலையும் என்றுதான் சொல்லவில்லை" என்றார். உடன் இருக்கும் தங்கையிடமும் சொல்லக் கூடாதென்று சத்தியம் வாங்கியிருக்கிறார். மூன்று வாரமாக முகத்தை மட்டும் திரைக்குக் காட்டி, கையை மறைத்து வைத்திருந்திருக்கிறார். வாரந்தோறும் பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் ஒன்றையும் பார்க்கவில்லை.

இந்நாட்டில் நீண்டகாலம் தங்கும் அயல்நாட்டார் 90 நாளுக்கு ஒருமுறை தம் இருப்பிடத்தைக் குடிவரவு அலுவலகத்திற்குத் தெரிவிக்கவேண்டும். ஒருநாள்கூடத் தவறாமல் அதைச் செய்துவருகிறோம். அந்தக் கவனத்தில் சிறு பங்கையாவது அம்மாவின் நலத்தை விசாரிப்பதில் செலுத்தினோமா என்று அன்றிரவு எங்களையே கேட்டுக்கொண்டோம். 'கிரெங் ஜை' என்ற சொல்லுக்கு நிகரான சொல் தமிழில் இல்லை என்று அதுவரை எண்ணியிருந்தோம். சொல் இல்லாவிட்டால் என்ன? அப்பண்பு நம் வீட்டு அடுக்களையில் எந்நாளும் இருந்துகொண்டுதானே இருக்கிறது!

அதற்கடுத்த ஏப்ரல் 13 அன்று சொங்கரான் புத்தாண்டு வந்தது. நம் சித்திரைத் திருநாளை ஒட்டி வரும் விழா. தெருவெங்கும் நீர் வாரி இறைக்கும் கொண்டாட்டத்தைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். 2023இல் யுனெஸ்கோ நிறுவனம் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இதனைச் சேர்த்தது. ஆனால் விழாவின் உயிர் தெருவில் இல்லை, வீட்டினுள்ளே இருக்கிறது. இளையோர் பெரியவர்கள் முன் மண்டியிட்டு, மலரிட்ட நறுமண நீரை அவர்கள் கைகளில் ஊற்றி, செய்த பிழைகளுக்கு மன்னிப்பும் ஆசியும் வேண்டுவார்கள். ஆண்டுதோறும் அன்று தம் தாயாரின் கைகளில் நீர் ஊற்ற ஊருக்குப் போகும் பா, அவ்வாண்டு போகவில்லை. நாங்கள் மூவரும் அவர் வீட்டிற்குச் சென்று, அவர் கைகளில் நீர் ஊற்றினோம். அவர் கண்ணீர் விட்டதை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தோம். 'ஒன்றுமில்லை' என்று அன்று அவர் சொல்லவில்லை. தம் தாயாரைப் பற்றி நெடுநேரம் பேசினார். எங்களுக்குப் பாதிதான் புரிந்தது. எழுந்திராமல் முழுவதையும் கேட்டோம்.

சகோதரியின் கேள்விக்கு இதுவே எங்கள் விடை. அயலார் மனத்தை அறிய மொழியைக் காட்டிலும் பொறுமைதான் அதிகம் தேவைப்படுகிறது. இப்போது பாவிடம் உதவி கேட்குமுன், "இவ்வாரம் உங்களுக்கு என்ன வேலை? ஊரில் எல்லாரும் நலமா?" என்று முதலில் விசாரிக்கிறோம். மறுப்பதற்கு வழி வைத்துக் கேட்கிறோம். சில வேளைகளில் அவர் மறுத்தும் விடுகிறார்! அது எங்களுக்கு மகிழ்ச்சியாகவே இருக்கிறது.

அன்பர்களே, கடல் கடந்துதான் இதைக் கற்கவேண்டுமென்பதில்லை. உங்கள் வீட்டிலும் 'ஒன்றுமில்லை' என்று சொல்பவர் ஒருவர் இருப்பார். எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, 'எனக்குப் பசியில்லை' என்னும் தாயாக இருக்கலாம். தாய்வீட்டு நினைவை மறைத்துக்கொள்ளும் மருமகளாக இருக்கலாம். மருந்து தீர்ந்துவிட்டதைச் சொல்லாத மாமனாராக இருக்கலாம். அவர்கள் சொல்லும் முதல் விடையோடு எழுந்துவிடாதீர்கள். அருகே அமர்ந்து இரண்டாம் முறை கேளுங்கள்.

அம்மாவின் கட்டு அவிழ்க்கப்பட்டுவிட்டது. கை முழுதும் மடங்கவில்லை. இப்போது ஒவ்வொரு ஞாயிறும் அவர் வரையும் சிலுவை சற்றுக் கோணலாகத்தான் வருகிறது. எங்கள் மகன் அதற்காகத் திரையருகே நெற்றியைக் கொண்டுபோய்க் காட்டுகிறான்.