பட்டாணி அளவில் ஒரு வேட்டைக்காரன்



கப்பி, கோல்டு ஃபிஷ், ஃபைட்டர் என்று மீன் வளர்ப்பைத் தொடங்கிய பலரும் சில வருடங்களில் வித்தியாசமான மீன் எதையாவது தேடத் தொடங்கிவிடுகிறார்கள். சென்னை கொளத்தூர் கடைவீதியில் அப்படிப் போய் நின்றால், கண்ணில் படுபவற்றில் ஒன்று பீ பஃபர். நம் கடற்கரையில் பேத்தை என்கிறார்களே, அதன் ஆற்றுச் சொந்தம் இது. முழுதாக வளர்ந்தாலும் ஏறக்குறைய ஓர் அங்குலம்தான். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கும் கேரள ஆறுகள் இதன் தாய்வீடு. ஆய்வாளர்கள் ஹோராவும் நாயரும் 1941-இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார்கள். அந்தப் பெயருக்குள் திருவிதாங்கூர் இருக்கிறது.

இதை வாங்கச் சொல்லும் முன் இது வேட்டையாடுவதைப் பார்க்கச் சொல்வேன். பச்சோந்திக்குப் போல இதன் இரு கண்களும் தனித்தனியே திரும்பும். தொட்டிக் கண்ணாடியில் ஊரும் நத்தையைக் கண்டதும் பாயாது. அந்தரத்தில் அசையாமல் நிற்கும், வாலை ஒரு பக்கம் வளைக்கும், நத்தை ஓட்டிலிருந்து தலை நீட்டும் வரை காத்திருக்கும். பிறகு ஒரே கடி. செடியோடு ஒட்டிக்கொண்டு வந்து பெருகும் குட்டி நத்தைகளை விரட்டத் தெரியாமல் தவிப்பவர்கள் பலர். இந்த மீனுக்கோ அவைதான் விருந்து. பெல்லட் தீனியை இது பெரும்பாலும் சீண்டாது. நத்தையும் பிளட் வார்மும் ஆர்ட்டீமியாவும் தொடர்ந்து கொடுக்க முடியாதவர்கள் இதை வாங்காமல் இருப்பதே நல்லது. கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். தீனி கிடைக்காமல் வயிறு ஒட்டிச் சாகிறது.

பஃபர் என்ற பெயரைக் கேட்டதும் தண்ணீரில் உப்புப் போடச் சொல்பவர்கள் உண்டு. தேவையில்லை, இது முழுக்க நன்னீர் மீன். இதற்கு வேண்டியது பழகிய தொட்டி. ஃபில்டர் ஒரு மாதமாவது ஓடி, அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் அதில் குடியேறியிருக்க வேண்டும். செதில் இல்லாத உடம்பு என்பதால் அழுக்குத் தண்ணீரும் சரி, அளவு மீறிய மருந்தும் சரி, மற்ற மீன்களைவிட இதைச் சீக்கிரம் தாக்கும். கப்பியோடு சேர்த்து விடாதீர்கள், அதன் வாலைக் கடித்துக் குதறிவிடும். ஆண் மீன்கள் தங்களுக்குள் எல்லைச் சண்டை போடும் என்பதால் ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் இருக்கட்டும். ஒன்றின் கண்ணில் இன்னொன்று படாதபடி செடிகள் அடர்ந்திருக்கட்டும். இந்த மீன் உடம்பை உப்பிக்கொள்வதைப் பார்க்கும் ஆசையில் சீண்டவே கூடாது. அது பயத்தில் செய்வது. இடம் மாற்ற வேண்டியிருந்தால் வலையைவிட ஒரு குவளையில் தண்ணீரோடு முகர்ந்து எடுப்பது பாதுகாப்பு.

மனதை உறுத்தும் விஷயம் ஒன்றும் உண்டு. கடைக்கு வருபவற்றில் பெரும்பகுதி ஆற்றிலிருந்து பிடிக்கப்பட்டவை. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்த மீனை அழிவாய்ப்பு உள்ள இனங்களில் சேர்த்திருக்கிறது. எனவே கடையில் விலை கேட்கும் முன் இது தொட்டியில் பிறந்ததா, ஆற்றில் பிடித்ததா என்று கேளுங்கள். வாங்குபவர்கள் கேட்கக் கேட்கத்தான் வளர்த்து விற்பவர்களுக்கு வழி பிறக்கும்.

வீட்டிலேயே இது குஞ்சு பொரிக்கும் என்பது நம்பிக்கை தரும் செய்தி. ஜாவா மாஸ் போன்ற பாசிச் செடிகளுக்கு நடுவே கண்ணாடி போன்ற மிகச் சிறிய முட்டைகளை இடும். சில நாட்களில் பொரிந்துவிடும். அதன் பிறகு குஞ்சுகளைத் தேற்றுவதுதான் பெரும்பாடு. அதில் வெற்றி கண்ட வாசகர்கள் நம்மிடையே இருந்தால் எழுதுங்கள். தண்ணீரின் வெப்பம் எவ்வளவு, முதல் தீனியாக எதைக் கொடுத்தீர்கள், எப்போது பெரியவற்றிடமிருந்து பிரித்தீர்கள் என்ற விவரங்களோடு அனுப்பினால், படங்களுடன் வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்