விக்ரமாதித்தன் கப்பலில் ஒரு சேரி

மாசத்துக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் முட்டை, 20,000 லிட்டர் பால், 16 டன் அரிசி. ஐ.என்.எஸ். விக்ரமாதித்யா என்கிற விமானந்தாங்கிக் கப்பலுக்கு ஆகும் சாப்பாட்டுக் கணக்கு இது. கணக்குச் சொன்னது இந்தியக் கடற்படையேதான், பெருமையோடு. 284 மீட்டர் நீளம், 44,500 டன் எடை, 1,600 பேருக்கு மேல் குடியிருக்கிற மிதக்கும் நகரம் என்றும் சொன்னார்கள்.

சரி. முட்டைக்குக் கணக்கு இருக்கு. அத்தனை முட்டையும் சோறும் தின்ன 1,600 பேரும் மறுநாள் காலையில எங்க போனாங்க? போனது எந்தக் குழாய் வழியா எந்தத் தொட்டியில விழுந்தது? தொட்டி அடைச்சிக்கிட்டா உள்ளே எறங்குறது யாரு? இந்தக் கணக்கை யாரும் பெருமையோடு வெளியிட்டதில்லை. ராஜகுளத்துச் சேரியில் பொறந்தவனுக்குப் பெரிய மாளிகையைக் காட்டினால் முதலில் தோன்றுகிற கேள்வி அதுதான். கோபுரத்தைப் பார்க்கிற கண் எங்களுக்கு வாய்க்கவில்லை. சாக்கடை எந்தப் பக்கம் போவுது என்று பார்க்கிற கண்தான் வாய்த்தது.

கப்பலின் ஜாதகத்தைக் கொஞ்சம் புரட்டுவோம். சோவியத் கடற்படையில் 1987-ல் சேர்ந்த கப்பல். பிறகு 'அட்மிரல் கோர்ஷ்கோவ்' என்று பெயர் மாறியது. சோவியத் நாடு உடைந்தபின் வைத்துத் தீனி போட முடியாமல் ரஷ்யா 1996-ல் ஓரங்கட்டியது. 2004 ஜனவரியில் இந்தியா ஒப்பந்தம் போட்டது. கூடு இலவசம், புதுப்பிக்கிற செலவை மட்டும் கொடுங்கள் என்றான் ரஷ்யாக்காரன். அந்தச் செலவு 97 கோடியே 40 லட்சம் டாலர் என்று ஆரம்பித்து 235 கோடி டாலரில் போய் நின்றது. 2008-ல் வரவேண்டிய கப்பல் 2013-ல்தான் கைக்கு வந்தது. நடுவில் 2012 கடலோட்டச் சோதனையில் கொதிகலன்கள் படுத்துவிட்டன. பழைய கப்பலுக்குப் புதுக் கப்பலைவிட 60 சதவீதம் கூடுதலாகக் கொடுக்கிறோம் என்று தலைமைத் தணிக்கையாளர் 2009-லேயே எழுதினார். இந்தச் செலவைக் கேட்க நாடாளுமன்றத்தில் ஆட்கள் இருந்தார்கள், பத்திரிகைகளில் எழுதினார்கள். நான் பேச வந்தது அதற்கும் கீழே இருக்கிற ஒரு அறையைப் பற்றி.

விமானந்தாங்கிக் கப்பல் சும்மா ஓடிக்கொண்டே இருக்காது. சில வருஷத்துக்கு ஒரு தரம் நிறுத்தி, உலர்துறையில் ஏற்றி, அடிப்பாகத்தைச் சுரண்டி வர்ணம் பூசி, கொதிகலன், குழாய், மின்கம்பி என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். 2016-ல் கர்நாடகத்தின் கார்வார் தளத்தில் விக்ரமாதித்யாவுக்குப் பராமரிப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. ஜூன் 10. கப்பலுக்குள்ளேயே இருக்கிற கழிவுநீர் சுத்திகரிப்பு அறையில் விஷவாயு கசிந்தது. இரண்டு பேர் செத்தார்கள். ஒருவர் கடற்படை ஆள். இன்னொருவர் ஒப்பந்த வேலைக்கு வந்த தனியார் நிறுவன ஊழியர். விசாரணைக்கு உத்தரவு போட்டார்கள். வேலை முடிந்தது, கப்பல் மறுபடி பணிக்குத் திரும்பியது. 2023 ஜூனில் புது விக்ராந்த் கப்பலோடு சேர்ந்து அரபிக்கடலில் 35-க்கும் மேற்பட்ட விமானங்களை வைத்துப் பயிற்சி காட்டியது. படங்கள் வந்தன. நாடே கைதட்டியது.

செத்த இரண்டு பேரும் இன்ன சாதி என்று நான் சொல்ல வரவில்லை. என் வாதத்துக்கு அது தேவையும் இல்லை. சாதி ஆள்மேல் மட்டும் ஒட்டிக்கொண்டிருப்பதாக நினைக்கிறவர்கள் இன்னும் நம் கூட்டங்களிலேயே இருக்கிறார்கள். சாதி வேலைமேலும் ஒட்டிக்கொண்டிருக்கு, இடத்துமேலும் ஒட்டிக்கொண்டிருக்கு. மலக்கழிவு தங்குகிற அறைக்குள் எவன் இறங்கினாலும் அந்த நேரத்துக்கு அவன் உயிரின் விலை சேரி விலைக்கு இறங்கிவிடுகிறது. இருபது தளத்துக்கு மேல் அடுக்கிய அந்தக் கப்பலில் ஊர்த்தெரு இருக்கு, அக்கிரகாரம் இருக்கு, கீழே ஒரு சேரியும் இருக்கு.

மிகைப்படுத்துறான் என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு சொல்லை ஞாபகப்படுத்துகிறேன். 'டோப்பாஸ்'. வெள்ளைக்காரன் கப்பல்களில் கக்கூஸ் கழுவக் கூட்டிப்போன ஆளுக்கு வைத்த பெயர் அது. வெள்ளைக்காரன் 1947-ல் போய்விட்டான். பெயர் போகவில்லை. சுதந்திர இந்தியாவின் கடற்படை அதே பெயரில் ஆளெடுத்தது. ஆறாம் வகுப்புப் படிப்பு போதும், கழிவறையைச் சுத்தமாக வைத்திருப்பது வேலை. பிறகு பெயரை 'சானிட்டரி ஹைஜீனிஸ்ட்' என்று மாற்றினார்கள். 2022-ல் வந்த அக்னிவீர் திட்டத்திலும் சமையலுக்கு ஒருவன், பரிமாற ஒருவன், 'ஹைஜீனிஸ்ட்' ஒருவன் என்று ஆளெடுப்பு நடந்தது. நாலு வருஷம் வேலை, நாலில் ஒரு பங்கு பேருக்குத்தான் அதற்குமேல் இடம். பறையனை அரிஜன் என்றார்கள், தோட்டியைத் துப்புரவுப் பணியாளர் என்றார்கள், அதற்குப் பிறகு தூய்மைப் பணியாளர் என்றார்கள். பேர மாத்திப் பேர மாத்தியே காலத்தை ஓட்டுறானுங்க. வாளியும் தொட்டியும் வாயுவும் மாறவில்லை.

இனிக் கரைக்கு வாருங்கள். இந்தக் கப்பல் கடற்படையில் சேர்க்கப்பட்டது 2013 நவம்பர் 16. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது அதே 2013-ல், டிசம்பர் 6, அம்பேத்கர் நினைவு நாள். இருபதே நாள் இடைவெளி. கப்பலுக்குத் தேவையான பணம் ஒவ்வொரு முறையும் கிடைத்தது. 2024 நவம்பர் 30-ல் கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தோடு விக்ரமாதித்யாவின் பழுதுபார்ப்புக்கு மட்டும் 1,207.5 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டார்கள். சாக்கடையிலும் மலக்குழியிலும் மனிதன் இறங்காமல் இயந்திரத்தைக் கொண்டுவருகிறோம் என்று மத்திய அரசு அறிவித்த 'நமஸ்தே' திட்டத்துக்கு 2023-24 முதல் மூன்று வருஷத்துக்கு, நாடு முழுமைக்கும் சேர்த்து, ஏறத்தாழ 350 கோடி. ஒரு கப்பலை ஒரு தரம் பழுது பார்ப்பது நாட்டில் இருக்கிற அத்தனை மலக்குழித் தொழிலாளியின் உயிரைவிட மூன்று மடங்குக்கும் மேல் ஒசத்தி.

சட்டம் வந்தபின் சாவு நின்றதா? 1993 முதல் சாக்கடைக்குள்ளும் மலக்குழிக்குள்ளும் செத்தவர்கள் அரசுக் கணக்கிலேயே ஆயிரத்துக்கும் மேல். அந்தக் கணக்கில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. சமூகநீதி மண் என்று மேடைக்கு மேடை மார்தட்டுகிறோமே, அந்த மண்தான். உச்சநீதிமன்றம் 2014-ல் உயிருக்கு 10 லட்சம் என்றது, 2023 அக்டோபரில் 30 லட்சம் என்றது. 2021 பிப்ரவரியில் எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் உணவு தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் மூன்று பேர் மலக்குழிக்குள் செத்தார்கள். 2022 அக்டோபரில் அதே ஸ்ரீபெரும்புதூரில் ஒரு சொகுசு விடுதியில் இன்னும் மூன்று பேர்.

எங்கள் பெரியப்பா மகன் அந்தப் பக்கத்துக் கம்பெனிகளுக்குத் தொட்டி கழுவப் போனவர்தான். "மொதல்ல ஒரு கோட்டரு குடுப்பாங்கடா தம்பி, நாத்தம் தெரியாம இருக்கறதுக்கு. கயிறு கேட்டா மொறைப்பாங்க" என்பார். மூடிக்கிடக்கிற மலக்கழிவில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு முதலில் அழுகிய முட்டை மாதிரி நாறும். அளவு கூடினால் மூக்கு செத்துவிடும், நாற்றமே தெரியாது. வாயு போய்விட்டது என்று நினைத்து இன்னும் ரெண்டு படி இறங்குவான். அதற்கப்புறம் ஒன்றிரண்டு மூச்சுதான். அவனைத் தூக்க அடுத்தவன் இறங்குவான், அவனும் விழுவான். இது படித்த மேலாளருக்குத் தெரியும், ஒப்பந்தக்காரனுக்கும் தெரியும். முதலில் காற்றை அளந்து பார், உள்ளே நல்ல காற்றைச் செலுத்து, மூச்சுக்கருவி கொடு, இடுப்பில் கயிறு கட்டி மேலே ஆள் நிறுத்து என்பது ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. ஓடுகிற கப்பலின் மேல்தட்டில் போர்விமானத்தைக் கம்பியில் மாட்டி நிறுத்துகிற நாட்டுக்கு இடுப்பில் ஒரு கயிறு மாட்டத் தெரியாதா? தெரியும். தேவை என்று தோன்றவில்லை.

'நாட்டுப் பாதுகாப்பில் கைவைக்காதே' என்பார்கள். கைவைக்கவில்லை ஐயா, கணக்குக் கேட்கிறேன். கார்வார் தளத்துக்காக நிலத்தையும் கடற்கரையையும் விட்டுக்கொடுத்த 13 கிராமத்து மீனவரும் விவசாயியும் இழப்பீட்டுக்குப் பல பத்தாண்டு நீதிமன்றம் ஏறினார்கள். அவர்கள் எந்த நாட்டுக்காரர்கள்? விமான நிலையம் வருகிறது என்று 2022 முதல் தூக்கம் தொலைத்த எங்கள் பக்கத்துப் பரந்தூர் ஜனங்களுக்கு இந்தக் கேள்வி சுலபமாகப் புரியும். பாதுகாப்பு என்றால் யாருடைய பாதுகாப்பு என்று சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

நம் தோழர்களிலேயே சிலர் வேறு மாதிரி பேசுகிறார்கள். 'போர்க்கப்பல் ஆளும் வர்க்கத்தின் பொம்மை, தலித்துக்கு அதில் என்ன வேலை' என்று. ராஜகுளம் ரோட்டில் விடியற்காலை ஐந்து மணிக்கு வந்து பாருங்கள். அக்னிவீர் ஓட்டத்துக்காக ஓடுகிற பையன்களில் பாதி நம் தெருப் பையன்கள். அம்பேத்கரின் அப்பா ராணுவ சுபேதார். மகர்களுக்குக் கதவை மூடிய ராணுவத்தில் மீண்டும் அவர்களைச் சேர்க்கச் சொல்லிப் போராடி, 1941-ல் மகர் ரெஜிமெண்ட் வரக் காரணமாக இருந்தார் அவர். சீருடை என்பது சட்டை போடக்கூடாது என்று அடிபட்டவனுக்கு வெறும் துணி இல்லை. ஆகவே கப்பலில் ஏறாதே என்று நம் பையனிடம் நான் சொல்ல மாட்டேன். ஏறிய பிறகு எந்தத் தளத்தில் நிறுத்துகிறார்கள் என்று பார்க்கத்தான் சொல்வேன்.

காட்டுவதை மட்டும் பார் என்பது இந்த ஆளும் கூட்டத்தின் பழைய பாடம். எங்கள் உத்திரமேரூரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020 டிசம்பர் 10-ல் புது நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமர் உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சொல்லிப் பூரித்தார். முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை முறை, ஆயிரம் வருஷத்து ஜனநாயகமாம். கல்வெட்டைப் படித்துப் பாருங்கள். ஓலைக்குடத்தில் பேர் போட வரிகட்டும் கால்வேலி நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது பிராமணர் சபை. சோழன் கடல் கடந்து கப்பல் விட்டதைப் பாடுகிறவர்கள், அதே சோழர் காலத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் 'தீண்டாச்சேரி' என்ற சொல் இருப்பதைப் பாடுவதில்லை. குடத்தைக் காட்டுவார்கள், குடத்துக்கு வெளியே நின்றவனைக் காட்ட மாட்டார்கள். கப்பலின் மேல்தட்டைக் காட்டுவார்கள், கழிவறைத் தொட்டியைக் காட்ட மாட்டார்கள்.

மாணவத் தோழர்களே, அடுத்த தரம் ஒரு விமானந்தாங்கி பழுது நீங்கி 'புத்துயிர் பெற்றுப் பணிக்குத் திரும்பியது' என்று செய்தி வந்தால் படத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டாதீர்கள். 1,207.5 கோடி ஒப்பந்தத்தால் 3,500 பேருக்கு வேலை என்று அரசு அறிக்கை சொன்னது. அந்த 3,500-ல் எத்தனை பேர் தொட்டிக்குள் இறங்குகிற ஆட்கள், அவர்கள் யார் ஆட்கள், அவர்களுக்கு யார் முதலாளி என்று கேளுங்கள். இறங்குமுன் காற்றை அளந்த சீட்டு இருக்கா என்று கேளுங்கள். 2016 ஜூன் 10 சாவின் விசாரணை அறிக்கையைப் பொதுமக்கள் முன் வை என்று கேளுங்கள். 2005-ல் வந்த தகவல் உரிமைச் சட்டம் கையில் இருக்கு, பத்து ரூபாய்தான் கட்டணம். ரகசியம் என்று பதில் வரலாம். ஏவுகணை ரகசியமாக இருக்கட்டும். மலக்குழியில் என்ன ராணுவ ரகசியம்?

பழுதுபார்த்தோம் என்கிறார்கள். இறங்கினவன் உயிரோடு ஏறி வருகிற அறையாக அந்தக் கீழறை மாறுகிற வரைக்கும் அந்தக் கப்பலைப் பழுதுபார்த்தது என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நாட்டையும்தான்.