உழைப்பாளி வீட்டுப் பிள்ளைக்கும் நீச்சல் வேண்டும்!

2022 ஜூன் 5-ந் தேதியைக் கடலூர் மாவட்டத்து உழைப்பாளி மக்கள் மறக்க முடியாது. அன்று, நெல்லிக்குப்பத்தை அடுத்த குச்சிப்பாளையத்தில், கெடிலம் ஆற்றுத் தடுப்பணைக்கு அருகே குளிக்கச் சென்ற சிறுமிகளும் இளம் பெண்களுமாக ஏழு பேர் மூழ்கி மாண்டனர். பள்ளத்தில் சிக்கியவர்களை மீட்கப் போனவர்களும் கரை திரும்பவில்லை.

தலைக்கு ஐந்து லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. ஊரே அழுதது. பிறகு அடுத்த கோடை வந்தது. அடுத்த சாவுச் செய்தியும் வந்தது. வேறு ஊர், வேறு ஏரி, அவ்வளவுதான் வித்தியாசம்!

இதை விதி என்று சொல்லி நெற்றியில் அடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். விதியல்ல, தோழர்களே! நீரில் மூழ்கிச் சாகிறவர்கள் யார் என்று பாருங்கள், உண்மை விளங்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் உலகெங்கும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி மாண்டனர். பத்தில் ஒன்பது சாவுகள் ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் நேர்ந்தவை. மாண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் முப்பது வயதுக்கு உட்பட்டவர்கள். நமது நாட்டிலோ, மத்திய சர்க்காரின் குற்ற ஆவணக் காப்பகம் காட்டும் கணக்கே 2022-ல் 38,000-க்கு மேல் போகிறது. நாளொன்றுக்கு நூறு உயிர்! காய்ச்சலில் இத்தனை பேர் செத்தால் நாடே நடுங்கும். குட்டையிலும் கிணற்றிலும் ஆற்றுப் பள்ளத்திலும் ஒவ்வொருவராகச் சாவதால், பத்திரிகையின் மூலையில் நாலு வரியோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

தாய் நடவுக்குப் போயிருக்கிறாள். தகப்பன் ஷிப்டுக்குப் போயிருக்கிறான். பள்ளிக்கூடம் விடுமுறை. வெயில் கொளுத்துகிறது. பிள்ளைகள் தண்ணீரைத் தேடிப் போகிறார்கள். கூலி வேலையை விட்டுவிட்டுக் கரையில் காவல் நிற்க எந்தத் தாயால் முடியும்? பணக்காரன் வீட்டுப் பிள்ளையும் வெயிலுக்குத் தண்ணீரைத் தேடுகிறான். ஆனால் அவனுக்கு நீலநிறத் தொட்டி, சம்பளம் வாங்கும் பயிற்சியாளர், கரையில் ஒரு காவலாள்! அவனுக்கு நீச்சல் பொழுதுபோக்கு. நமது பிள்ளைக்கோ அது உயிர்ப் பிரச்னை.

கிணறு எங்கே, குளம் எங்கே?

“கிராமத்துப் பிள்ளைக்கு நீச்சல் சொல்லியா கொடுக்க வேண்டும்? அதுவாகக் கற்றுக்கொள்ளாதா?” என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் பழைய காலத்திலேயே இருக்கிறார்கள்.

முன்பு கமலைக் கிணறு இருந்தது. முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி, மாமனோ அண்ணனோ கிணற்றில் இறக்கிவிடுவார்கள். பத்து நாளில் பையன் குடுக்கையைக் கழற்றி எறிவான். இன்று நிலத்தடி நீர் கீழே போய்விட்டது. திறந்த கிணறுகள் தூர்ந்துவிட்டன. ஆழ்துளைக் குழாயில் யார் நீச்சல் பழக முடியும்? மிஞ்சியிருப்பவை எவை? இயந்திரத்தால் மண் அள்ளிப் படியும் சரிவும் இல்லாமல் செங்குத்தாக வெட்டிய ஏரிப் பள்ளங்கள், கைவிடப்பட்ட கல் குவாரிகள், தடுப்பணைகளின் கீழே அரித்த குழிகள். பார்க்க முழங்கால் தண்ணீர். அடுத்த அடியில் ஆள் ஆழம்!

அந்தப் பழைய காலமும் எல்லாருக்கும் பொதுவாக இருந்ததா? இல்லை. பெண் பிள்ளையைக் கிணற்றில் இறக்கி நீந்தப் பழக்கியவர்கள் எத்தனை பேர்? தாழ்த்தப்பட்ட மக்களை ஊர்க்கிணற்றையும் ஊர்க்குளத்தையும் தொடவே விடவில்லை. பொதுக்குளத்தில் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடிப்பதற்காக டாக்டர் அம்பேத்கர் 1927 மார்ச் 20-ந் தேதி மகாத் நகரில் ஆயிரக்கணக்கானோருடன் ஊர்வலமாகப் போக வேண்டியிருந்த நாடு இது. குடிக்கவே விடாத குளத்தில் குளிப்பது எங்கே, நீந்துவது எங்கே? குச்சிப்பாளையத்தில் மாண்டவர்கள் அனைவரும் பெண்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது.

தண்ணீருக்கா பஞ்சம்?

வடலூரையும் நெய்வேலியையும் நன்கு அறிந்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கட்டும். இந்தப் பூமிக்கு அடியில் பழுப்பு நிலக்கரி. அதற்கும் அடியில் அழுத்தத்தோடு பொங்கி நிற்கும் ஊற்றுநீர். அந்த நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்துகொள்ளும். எனவே இரவு பகலாகப் பம்புகள் ஓடுகின்றன. அந்த நீரில் ஒரு பகுதி அனல் மின் நிலையத்துக்குப் போகிறது. ஒரு பகுதி வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் வாய்க்காலில் ஓடுகிறது.

1957-ல் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். அன்றைய சோவியத் நாட்டின் உதவியோடு எழுந்த அனல் மின் நிலையம் 1962-ல் மின்சாரம் தந்தது. நிலத்தையும் வீட்டையும் கொடுத்தவர்கள் சுற்று வட்டாரத்து விவசாயிகள். அவர்களோடு குடியிழந்தவர்கள் அந்த நிலங்களில் கூலி வேலை செய்தவர்கள். நிலம் கொடுத்தவனுக்காவது நஷ்டஈடு என்று ஒரு பேச்சு நடந்தது. நிலமே இல்லாத கூலிக்காரன் இழந்ததற்கு என்ன கணக்கு?

நகரியத்துக்குள் அகலமான வீதிகளும் பூங்காக்களும் விளையாட்டரங்கமும் இருக்கின்றன. நிரந்தரத் தொழிலாளி போராடிப் பெற்ற அந்த வசதிகளை நாம் குறை சொல்லவில்லை. வேலிக்கு வெளியே இருக்கும் ஒப்பந்தத் தொழிலாளியின் பிள்ளைக்கு என்ன இருக்கிறது என்றுதான் கேட்கிறோம். வடலூரிலும் குறிஞ்சிப்பாடியிலும் சுற்றுக் கிராமங்களிலும் வாழும் விவசாயத் தொழிலாளியின் பிள்ளைக்கு என்ன இருக்கிறது?

2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் விடும் நெல்வயலில் இயந்திரங்களை இறக்கி, பரவனாற்றைத் திருப்பிவிடக் கால்வாய் வெட்டினார்கள். ஓர் ஆற்றையே திருப்பிவிட வல்ல நிர்வாகத்துக்கு, குழந்தைகளுக்காக ஒரு குளம் வெட்டுவது மலையா? 25 மீட்டர் நீளம், பன்னிரண்டரை மீட்டர் அகலம், சராசரி 1.2 மீட்டர் ஆழம் உள்ள குளத்துக்கு மூன்றே முக்கால் லட்சம் லிட்டர் தண்ணீர் போதும். அதையும் நாள்தோறும் மாற்ற வேண்டியதில்லை. வடிகட்டி, குளோரின் இட்டு, அதே நீரைத் திரும்பத் திரும்ப உபயோகிக்கலாம். பூமியிலிருந்து இறைக்கும் தண்ணீரில் ஒரு துளியை, பரிசோதித்துச் சுத்தம் செய்து, இந்தப் பூமியின் குழந்தைகளுக்குக் கொடுங்கள் என்கிறோம். இது பிச்சையல்ல, பாக்கி!

பசித்தவர்களுக்காக 1867-ல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் வடலூரில் எரிகிறது. ஏழையின் வயிற்றுக்குச் சோறு என்பதை ஊர் ஏற்றுக்கொண்டுவிட்டது. ஏழைக் குழந்தையின் உயிருக்குக் காப்பு என்பதையும் ஏற்கட்டும்.

ஏழை நாடு செய்து காட்டியது

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று சந்தேகப்படுபவர்கள் வங்கதேசத்தைப் பார்க்கட்டும். நம்மைப் போன்றே ஆறும் குளமும் வெள்ளமும் நிறைந்த ஏழை நாடு. அங்கே பளிங்குக் குளம் கட்டிக்கொண்டிருக்கவில்லை. ஊர்க்குட்டையிலேயே மூங்கிலால் தளமும் வேலியும் அமைத்து, அளவான ஆழத்தில் நாலு முதல் பன்னிரண்டு வயதுக் குழந்தைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தார்கள். அதைவிடச் சிறிய குழந்தைகளுக்குத் தாய் வேலை செய்யும் காலை நேரத்தில் ஊருக்குள்ளேயே காப்பகம் வைத்தார்கள். நீச்சல் கற்ற குழந்தைகளிடையே மூழ்கிச் சாகும் அபாயம் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குறைந்தது என்று ஆய்வில் தெரிந்தது. ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

கற்றுக்கொடுத்தால் போதாதா, நீச்சற்குழு எதற்கு என்று கேட்கலாம். பத்து நாள் முகாம் போட்டு, பதாகை கட்டி, போட்டோ பிடித்துக்கொண்டு போய்விடுவதை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். குழு என்றால் ஆண்டு முழுவதும் பயிற்சி. மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கும். போட்டிக்குப் போகும், தோற்கும், மறுபடி போகும், ஜெயிக்கும். தன்னம்பிக்கை பிறக்கும்.

அமெரிக்காவில் 1964-ல் புளோரிடா மாகாணத்தின் செயின்ட் அகஸ்டின் நகரில், நீக்ரோ மக்களை ஒதுக்கி வைத்திருந்த ஒரு விடுதியின் குளத்தில் அவர்களும் அவர்களின் வெள்ளைத் தோழர்களும் இறங்கியபோது, விடுதி நிர்வாகி தண்ணீரில் அமிலத்தை ஊற்றினார். நிறவெறி அந்த மக்களைத் தலைமுறை தலைமுறையாகத் தண்ணீரிலிருந்து விரட்டியது. அதே நாட்டில், பிலடெல்பியா நகரில், 1971-ல் ஜிம் எல்லிஸ் என்ற கறுப்பின ஆசிரியர் ஏழைப் பிள்ளைகளைத் திரட்டி, நகரசபையின் பொதுக்குளத்தில் ஒரு நீச்சற்குழுவைத் தொடங்கினார். அந்தக் குழுவிலிருந்து ஒலிம்பிக் தேர்வுப் போட்டி வரை நீந்திச் சென்றார்கள். இந்த இனத்துக்கு நீச்சல் வராது என்ற பேச்சு நாளடைவில் நீரில் கரைந்தது.

நமது இனத்துக்கு மட்டும் ஆற்றல் குறைவா? வல்வெட்டித்துறையில் பிறந்த ஆனந்தன் 1971-ல் பாக் நீரிணையை நீந்திக் கடந்து, அதே நீரிணையைத் திரும்பவும் நீந்திக் கரை சேர்ந்தார். ஆற்றலுக்குப் பஞ்சமில்லை; வாய்ப்புக்குத்தான் பஞ்சம்.

நமது கோரிக்கைகள்

ஒன்று: நெய்வேலி நிறுவனம் வடலூர்–குறிஞ்சிப்பாடி வட்டாரத்தில் ஒரு பயிற்சிக் குளம் கட்ட வேண்டும். 2013-ம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, பெரிய நிறுவனங்கள் தமது சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கிராம விளையாட்டு, ஒலிம்பிக் விளையாட்டு ஆகியவற்றுக்குப் பயிற்சி தருவதும் அந்தச் சட்டத்தின் பட்டியலிலேயே இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளர், நிலமிழந்தோர், விவசாயத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு அங்கே கட்டணம் கூடாது.

இரண்டு: மாநில சர்க்கார் பயிற்சியாளர்களை அமர்த்த வேண்டும். பெண் பிள்ளைகளுக்குப் பெண் பயிற்சியாளர் அவசியம். அரசுப் பள்ளிகளிலும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் நீச்சலைப் பாடமாக்க வேண்டும். பயிற்சி முடித்த பிள்ளைக்கு முட்டையும் சுண்டலும், குளத்துக்கு வந்துபோக பஸ் வசதியும் வேண்டும். வெறும் வயிற்றோடு எந்தப் பிள்ளையும் நீந்த முடியாது.

மூன்று: வடலூர் நகராட்சியும் சுற்றுவட்டார ஊராட்சிகளும் ஆபத்தான பள்ளங்களைக் கணக்கெடுத்து வேலி போட வேண்டும், எச்சரிக்கைப் பலகையும் கயிறும் மிதவையும் வைக்க வேண்டும். மண் அள்ளும் குத்தகைதாரர் சரிவு அமைக்காமல் போனால் தண்டனை வேண்டும்.

நான்கு: குளத்திலும் குழுவிலும் சாதி வேற்றுமை தலைகாட்டக் கூடாது. பெற்றோர் கமிட்டிதான் குழுவை மேற்பார்வையிட வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

கோரிக்கை வைத்துவிட்டுக் கைகட்டி நிற்பது நமது வழக்கமல்ல. தொழிற்சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் வீடு வீடாகப் போய், நீந்தத் தெரியாத பிள்ளைகளின் பட்டியலைத் தயாரிக்க வேண்டும். நீச்சல் தெரிந்த தோழர்கள் ஊருக்கு இருவராவது இருப்பார்கள். அவர்களை முன்வரச் செய்ய வேண்டும். ஆழம் அளந்து, எல்லை கட்டிய இடத்தில் மட்டுமே பழக்க வேண்டும்.

குளம் வரும் வரை ஒரு பாடத்தையாவது எல்லாப் பிள்ளைகளுக்கும் இன்றே சொல்லிக்கொடுங்கள்: ஒருவர் மூழ்கினால் பின்னாலேயே குதிக்காதே! கத்தி ஆட்களைக் கூப்பிடு. கரையில் நின்று கயிறு, சேலை, மூங்கில் எதையாவது நீட்டு. மூடிய காலிக் கேன் கிடைத்தால் எறி, அது மிதவையாகும். 108-க்குப் போன் செய். ஒரு சாவு ஏழு சாவாவதை இந்தப் பாடம் தடுக்கும்.

“கூலி உயர்வுக்கே போராட்டம் முடியவில்லை, இதில் நீச்சல் வேறா?” என்று சில தோழர்கள் நினைக்கலாம். 1886-ல் சிகாகோ தொழிலாளர்கள் எதற்காக ரத்தம் சிந்தினார்கள்? எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, எட்டு மணி நேரம் நமக்காக! அந்த மூன்றாவது எட்டு மணி நேரத்தில்தான் படிப்பும் விளையாட்டும் பிள்ளைகளின் சிரிப்பும் இருக்கின்றன. கூலிப் போராட்டமும் இதுவும் ஒரே போராட்டம். யாருக்காக நாம் கூலி கேட்கிறோமோ, அந்தப் பிள்ளை உயிரோடு இருக்க வேண்டாமா?

கடலூர் மாவட்டம் பல ஆறுகளின் வடிகால். 2015 வெள்ளத்தையும் 2024 பெஞ்சல் புயல் வெள்ளத்தையும் கண்டோம். தண்ணீர் இன்னும் வரும். பயந்து சாகும் பிள்ளைகளாக அல்ல, நீந்திக் கரையேறும் பிள்ளைகளாக நமது குழந்தைகளை வளர்ப்போம்.

மே தினக் கிராம சபைக் கூட்டங்களில் இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக்குங்கள். மூழ்கிச் சாவதைத் தடுக்கும் நாளென்று ஐக்கிய நாடுகள் சபை 2021-ல் அறிவித்த ஜூலை 25-ந் தேதி, பிள்ளைகளோடும் பெற்றோரோடும் வடலூரில் திரளுங்கள். நகராட்சியிடமும் சுரங்க நிர்வாகத்திடமும் மனுக் கொடுங்கள். மனு கிடப்பில் கிடந்தால், கிடக்கவிடாமல் எழுப்புவது எப்படி என்று நமக்குத் தெரியும்.

கரி எடுக்கக் கை கொடுத்தோம். கழனியில் நாற்று நட்டோம். நமது பிள்ளைகளுக்கு ஒரு குளம் கேட்கிறோம். பெறாமல் ஓய மாட்டோம்!